காட்டுப்பள்ளிக் கப்பல் உன் டிவிக்கு வந்த காலை

நான் அப்போதே சொன்னேன். நீயே சாட்சி. ஒரு நாள் டிவிக்குப் பின்னால் தொங்கும் கறுப்பு வயரெல்லாம் வேலையற்றுப் போகும், மொட்டை மாடி டிஷ் குடைகள் காக்கா உட்காரத்தான் உதவும், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குச்சி வந்து அத்தனை வேலையையும் பார்க்கும் என்று நம் இரும்பு மில் கேன்டீனில் நின்றுகொண்டு சொன்னேன். அந்தக் குச்சிக்குள் ஒரு கடையே இருக்கும், வேண்டியதை இறக்கிக்கொள்ளலாம், வேண்டாததைத் தூக்கிப் போடலாம் என்றும் சொன்னேன். நீ இட்லியைச் சாம்பாரில் முக்கிக்கொண்டே, "மொதல்ல உன் ஊட்டு ரேடியோவ பாட வைடா" என்றாய். இன்றைக்கு எல்லாம் நான் சொன்னபடியே நடந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ள நீதான் இல்லை.

இன்று காலை எளாவூரில் ஒரு வீட்டில் இருந்தேன். செக்போஸ்டுக்குப் பக்கத்தில் லாரி டயர்களுக்குப் பஞ்சர் போடுகிறவருடைய வீடு. அந்த அம்மாவுக்கு ஏதோ சமையல் ஆப் வேண்டுமாம். தேடிப் பிடித்து, இறக்கு என்று அமுக்கியதும் திரையில் ஒரு வரி வந்தது: போதிய இடம் இல்லை. இந்த வரியை நான் ஆயிரம் வீட்டில் பார்த்திருப்பேன். ஆனாலும் இன்றைக்கு என் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாண்ணே, பூட்ச்சா?" என்றார் அந்த அம்மா.

"பூவலமா. ஒரு சிநேகிதக்காரன் ஞாபகம் வந்துச்சு."

"டிவியிலயா?"

"ஆமாம்மா, டிவியிலதான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனார். வேலையை முடித்துவிட்டு, வழியில் எங்கும் நிற்காமல் வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் இது இரண்டாவது மழைக்காலம். படிக்க மாட்டாய் என்று தெரியும். நான் சொன்னதையெல்லாம் நீ காது கொடுத்துக் கேட்டாயா என்ன? அதற்காக நான் பேசாமல் இருந்தேனா?

இப்போது என் நிலைமை தெரியுமா உனக்கு? எளாவூரிலிருந்து ஊத்துக்கோட்டை வரைக்கும் நான் கை வைக்காத டிவி இல்லை. ஷேர் ஆட்டோக்காரர்கள் என்னை ஏற்றிக்கொள்ள வரிசையில் நிற்கிறார்கள், போகிற வழியில் அவர்கள் வீட்டு டிவியையும் ஒரு பார்வை பார்ப்பேன் என்று. ஒரு பெரிய அதிகாரி, பெயர் சொல்லக் கூடாது, ஜீப் அனுப்பி என்னைக் கூட்டிப்போனார். அவர் வீட்டு டிவியில் தமிழ் ஆப் எல்லாம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தது. நான் போய் நின்றதுமே அது தமிழுக்கு மாறிவிட்டது என்று அவரே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவனுக்கு இத்தனை மரியாதை. இந்த மரியாதைக்கு விதை போட்டவன் நீ.

மறந்திருக்க மாட்டாய். நீ மூச்சு முட்டி வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த வருஷம், உன் மகள் தேவி தன் முதல் சம்பளத்தில் அந்தக் குச்சியை வாங்கி வந்தாள். "நைனாவுக்குப் பொழுது போவணும்" என்று பெட்டியை உன் மடியில் வைத்தாள். நீ என்னைக் கூப்பிட்டு அனுப்பினாய். நான் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. "இதுல நான் டிப்ளமா வாங்குனவன்" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தலைகீழாகப் பிரித்தேன். காலை நாஷ்டாவுக்கு வந்தவன் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அதோடு மல்லுக்கட்டினேன். குச்சியை டிவியில் எந்த ஓட்டையில் செருகுவது என்று கண்டுபிடிக்கவே மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. நீ கட்டிலில் சாய்ந்தபடி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

மறுநாள் நீ ஊரெல்லாம் என்ன சொன்னாய்? "பத்தே நிமிஷம்! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள படம் ஓட வச்சிட்டான்." அந்தப் பத்து நிமிஷத்தை நம்பித்தான் முதல் வீட்டுக்காரர் என் கதவைத் தட்டினார். என்னைப் பற்றி நான் சொன்னால் பாதி பேர் நம்புவார்கள், பாதி பேர் சிரிப்பார்கள். நீ சொன்னால் அத்தனை பேரும் நம்புவார்கள். வாழ்க்கையில் பொய்யே பேசாத ஆள் என்று பெயர் எடுத்தவன் நீ. அந்தப் பெயரை எனக்காக ஒரு நாள் செலவு செய்தாய். இதற்கு நான் உனக்கு நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த நன்றியை அப்போதே வேறு மாதிரிக் காட்டினேன் என்றும் வைத்துக்கொள். வாரத்துக்கு ஒரு முறை வந்து உன் குச்சிக்குள் ஏதாவது ஒரு ஆப்பை ஏற்றிவிட்டுப் போவேன். உன் பெண்டாட்டி கஸ்தூரி எளாவூருக்கு அந்தப் பக்கம் ஆந்திராப் பெண் ஆயிற்றே, அவளுக்கு மூன்று தெலுங்கு சீரியல் ஆப். உனக்குக் கிரிக்கெட் ஸ்கோர் காட்டுகிற ஆப். சாமி பாட்டுக்கு ஒன்று, மழை வருமா என்று பார்க்க ஒன்று, மீன் தொட்டி ஓடுகிற மாதிரி சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒன்று. காசு கேட்காத ஆப் எதையும் நான் விட்டதில்லை. கஸ்தூரி ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்ணே, நாப்பது பொம்ம கீது இந்த டிவில. நாங்க ரெண்டு பேரு. ஆளுக்கு இருவதா?"

"இருக்கட்டும் தங்கச்சி. வெல இல்லாத சரக்கு. உனக்கு இன்னா நஷ்டம்?"

"தேடறதுக்குள்ள சீரியல்ல கல்யாணமே முடிஞ்சிடுது, அதான் நஷ்டம்."

நீ சிரித்தாய். சிரித்தால் உடனே இருமல் வரும். அதனால் பாதியிலேயே சிரிப்பை நிறுத்திக்கொள்ளப் பழகியிருந்தாய்.

உன் மூச்சை மில்தான் தின்றது என்று டாக்டர் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீயும் நானும் சொல்லிக்கொண்டோம். இருபத்திரண்டு வருஷம் நீ மேலே கிரேன் கேபினில், நான் கீழே. பழுக்கக் காய்ந்த இரும்பின் சூடும் புகையும் மேலே ஏறி உன் கேபினில்தான் போய்த் தங்கும். கீழே நான் இரும்புக் கட்டைகளுக்குச் சங்கிலி மாட்டிவிட்டுக் கையைக் காட்டுவேன். சுட்டுவிரலை மேலே சுழற்றினால் தூக்கு. உள்ளங்கையைக் கீழே காட்டினால் இறக்கு. முஷ்டியை மூடினால் நில். விரல் நுனி இரண்டையும் சேர்த்துக் காட்டினால் நூல் நூலாக நகர்த்து. அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எதற்கும் ஆகாது. என் கை அசைவில்தான் அந்த மில்லே நடந்தது என்று நான் சொல்வேன். நீ மறுப்பு சொன்னதில்லை. உனக்கு ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். எதைத் தூக்குவதாக இருந்தாலும் பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்லாமல் தூக்க மாட்டாய். "சொல்லிட்டு எடு" என்பாய். ஷிப்டுக்கு நூறு தரம் சொல்லியிருப்பாய். நான் ஒரு தரமாவது காதில் வாங்கியிருந்தால் அந்தக் கப்பல் காலை வேறு மாதிரி போயிருக்கும்.

தேவி ஐ.டி.ஐ.யில் வெல்டிங் எடுத்தபோது நீ அவளோடு சண்டை போட்டாய். "என் நெஞ்சப் பாத்துமா உனக்கு அந்தப் பொகை கேக்குது?" என்றாய். அவள் கேட்கவில்லை. காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள், மருந்து வாங்கினாள், அந்தக் காற்று மெஷினை வாடகைக்கு எடுத்து உன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். நீ எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாய். ஆனால் இரண்டு வருஷம், அவள் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரே வீட்டில், ஒரே சோற்றை, இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து தின்றீர்கள்.

அப்புறம் அங்கே கட்டிய ஒரு ரோந்துக் கப்பலைத் தண்ணீரில் இறக்குகிற நாள் வந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு வரிசை வெல்டிங் முழுக்க அவள் கையால் வைத்தது. வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களை உள்ளே விட மாட்டார்கள், ஆனால் விழாவை நேரலையாகக் காட்டுவார்கள். முந்தின நாள் சாயந்திரம் நானும் அங்கே இருந்தேன். அவள் உன் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"நைனா, நாளிக்குக் கப்பல எறக்கறாங்க. டிவில காட்டுவாங்க. லெஃப்ட் சைடுல தண்ணி பக்கமா நிப்போம் நாங்க. மஞ்ச ஹெல்மெட்டு. கேமரா வரச்சொல்ல உனக்காகக் கையத் தூக்குவேன். பாக்குறியா?"

நீ கையை ஊன்றிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாய். பிறகு, "பாக்குறேம்மா" என்றாய்.

அவள் முகத்தை நான் பார்த்தேன். நீயும் பார்த்தாய். இரண்டு வருஷத்துக்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்கிற முகம். வாசல் வரைக்கும் போனவள் என்னைப் பார்த்து, "மாமா, டிவிய நீ பாத்துக்கோ" என்றாள்.

"நான் இருக்கச்சொல்ல உனுக்கு இன்னா கவல? கப்பல உங்க ஊட்டுக்குள்ளயே கொண்டாந்து நிறுத்தறேன் பாரு" என்றேன்.

மறுநாள் ஒன்பதே கால் மணிக்கு வந்துவிட்டேன். விழா பத்தரைக்கு. கஸ்தூரி டிவிக்குப் பொட்டு வைக்காததுதான் பாக்கி, அப்படித் துடைத்து வைத்திருந்தாள். வீடியோ ஆப்பைத் திறந்தேன். பழைய ஆப், புதுசாக்கினால்தான் ஓடுவேன் என்றது. புதுசாக்கு என்று அமுக்கினேன். அப்போதுதான் அந்த வரி வந்தது: போதிய இடம் இல்லை. என் நாற்பது ஆப்பும் உள்ளே காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ரெண்ட தூக்கு, போதும்" என்றாய் நீ.

"எத வேணா தூக்குங்க, என் சீரியல்ல கைய வைக்காதீங்க" என்றாள் கஸ்தூரி.

இங்கேதான் என் மில் புத்தி வேலை செய்தது. நம் மில்லில் கம்பி உருட்டும்போது ஒரே ஒரு சிவந்த கம்பி சிக்கினால் என்ன செய்வோம்? அந்தக் கம்பியை மட்டுமா எடுப்போம்? வரிசை முழுவதையும் நிறுத்தி, கிடப்பதையெல்லாம் வெட்டி வாரி வெளியே போட்டுவிட்டு, காலித் தடத்தில் முதலிலிருந்து ஓட்டுவோம். அரைகுறையாகச் சுத்தம் செய்தால் அடுத்த கம்பியும் சிக்கும். இந்த ஞானத்தோடு செட்டிங்ஸுக்குள் போனேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுசு போல ஆக்கவா என்று ஒரு இடத்தில் கேட்டது. ஆக்கு என்றேன். நிச்சயமாகவா என்றது. நிச்சயமாக என்றேன். உங்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரை கறுத்தது. கறுப்பாகவே வெகு நேரம் இருந்தது. பிறகு, கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கி வந்தது போல, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இன்னாண்ணே, சீரியல் எங்க?" என்றாள் கஸ்தூரி.

"வரும் தங்கச்சி. பெருக்கித் தொடச்சி வச்சிருக்கேன், இப்ப ஒவ்வொண்ணா வந்து ஒக்காரும்."

மொழி கொடுத்தேன். வைஃபை பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து பாஸ்வேர்டு கொடுத்தேன். அடுத்தது அக்கவுண்ட் கேட்டது. அந்த அக்கவுண்ட் தேவியுடையது. அதன் பாஸ்வேர்டு தேவிக்குத்தான் தெரியும். மறந்துவிட்டது என்று அமுக்கினால் ரகசிய நம்பர் தேவியின் போனுக்குப் போகும். தேவியின் போன் எங்கே? காட்டுப்பள்ளியில் உள்ளே போகும்போதே கேட்டில் வாங்கி லாக்கரில் பூட்டிவிட்டு டோக்கன் கொடுப்பார்கள். சாயந்திரம்தான் திரும்ப வரும். கஸ்தூரி அவளுக்கு மூன்று தடவை போன் அடித்தாள். முழுசாக அடித்து ஓய்ந்தது.

"லாக்கருக்குள்ள கூவிக்கினு கெடக்குது" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் நாலு அக்கவுண்டு வச்சிருக்கேன்னு சொல்வீங்களேண்ணே. அதுல ஒண்ணப் போடுங்க. மணி பத்தாவப் போவுது."

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எனக்கு நாலும் இல்லை, ஒன்றும் இல்லை. போகிற வீட்டில் எல்லாம் அவரவர் அக்கவுண்டை அவரவரே அடித்துக் கொடுப்பார்கள், நான் பக்கத்தில் நின்று "ம், சரி" என்பேன். இங்கிலீஷ் எழுத்தில் பெரிய எழுத்து எனக்குத் தெரியும், இரும்புக் கட்டையில் பெயின்ட் அடித்திருப்பதைப் படித்துப் படித்து. சின்ன எழுத்து வந்தால், அதிலும் வயிறு இந்தப் பக்கம் தள்ளியிருப்பதும் அந்தப் பக்கம் தள்ளியிருப்பதும் வந்தால், எனக்குத் திக்குத் தெரியாது. இது என் பெண்டாட்டிக்கே தெரியாது.

நீ என்னைப் பார்த்தாய். மூக்கில் குழாயோடு கஸ்தூரி பக்கம் திரும்பினாய்.

"கஸ்தூரி, டீ போடு."

"இப்பதான குடிச்ச?"

"இவனுக்கு. இஞ்சி தட்டிப் போடு. மெதுவா போடு."

அவள் முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நீ குரலை இறக்கினாய்.

"ஒண்ணு கூட இல்ல, இல்ல?"

"இல்லப்பா."

"இங்கிலீஷ் சின்னெழுத்து?"

நான் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"எனுக்கு எப்பவோ தெரியும்டா" என்றாய். "உன் போன எடு. உன் பேர்லயே ஒண்ணு போடுவோம். பேசனா எனுக்கு மூச்சு பூடும். என் கையப் பாரு."

அப்புறம் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இத்தனை வீட்டில் இத்தனை கதை விட்டிருக்கிறேன், இதை மட்டும் எனக்கென்று வைத்திருந்தேன். டிவியில் சின்ன எழுத்துகள் வரிசை வரிசையாக வந்தன. என் கையில் ரிமோட். நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையை மடியிலிருந்து தூக்கினாய். உள்ளங்கையைக் கீழே காட்டினாய். ஒரு வரிசை இறங்கினேன். விரல் நுனிகளைச் சேர்த்தாய். ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தேன். முஷ்டியை மூடினாய். நின்றேன், அமுக்கினேன். இருபத்திரண்டு வருஷம் நான் கை காட்ட நீ நகர்த்தினாய். அன்றைக்கு நீ கை காட்டினாய், நான் நகர்த்தினேன். ஒரு இடத்தில் நான் தப்பான வயிற்றில் போய் நின்றபோது, மில்லில் நான் உனக்குக் காட்டுகிற அதே மாதிரி கையை வெடுக்கென்று ஆட்டினாய், "பின்னாடி போடா பேமானி" என்பதற்கு. உன் மெஷின் மட்டும் உஸ் உஸ் என்றது.

என் பெயரை எழுத்து எழுத்தாக அடித்தோம். பிறந்த தேதி கேட்டது. பள்ளிக்கூடத்தில் கொடுத்தது ஒன்று, ஆதாரில் இருப்பது வேறொன்று, அம்மா சொன்னது மூன்றாவது. நீ ஆதாரில் இருப்பதைப் போடச் சொன்னாய். பாஸ்வேர்டு என்ன போடுவது என்று கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாக உன் கையாலேயே சொன்னாய். அது என்னவென்று இங்கே எழுத மாட்டேன், இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. என் போனுக்கு ரகசிய நம்பர் வந்தது, அடித்தேன். டிவியில் என் பெயர் வந்து நல்வரவு என்றது. கஸ்தூரி டீயோடு வந்து திரையைப் பார்த்தாள்.

"பரவால்லியே, நாலுல ஒண்ணு வேல செய்யுது" என்றாள்.

"அவன்கிட்ட இல்லாததா" என்றாய் நீ.

வீடியோ ஆப்பைத் தேடி இறக்கினோம். இறங்குகிற கோடு பாதியில் நின்றது. அப்போது எனக்கு வேர்த்த வேர்வையில் உன் வீட்டுத் தரையைத் துடைத்திருக்கலாம். மறுபடி நகர்ந்தது. திறந்தோம், விழாவைத் தேடினோம். பத்து முப்பத்தெட்டுக்குப் படம் வந்தது. யாரோ பேசி முடித்து மாலையோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தார். தேங்காய் உடைத்தார்கள். கப்பல் எவ்வளவு உயரம் என்கிறாய்! நம் மில் கூரையைப் போல மூன்று மடங்கு, சாம்பல் நிறம், அத்தனை கொடியும் காற்றில் படபடவென்று. நீ மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தாய்.

"லெஃப்ட் சைடுன்னா" என்றாய்.

கேமரா மெல்லத் திரும்பியது. தண்ணீர் ஓரமாக மஞ்சள் ஹெல்மெட்டுகள் வரிசையாக நின்றன. நான் எழுந்து டிவி அருகில் போய் விரலை வைத்தேன். "தோ பாரு, மூணாவது ஆளு! தேவி! கையத் தூக்கறா பாரு!" மூன்றாவது ஆள் கையைத் தூக்கி அசைத்தாள், நேராக நம்மைப் பார்த்து, இரண்டு தடவை. கஸ்தூரி "தேவிமா!" என்று கத்தினாள். நீ உன் கையைத் தூக்கி, டிவிக்குப் பதில் காட்டினாய். கப்பல் தண்ணீரில் இறங்கியது.

சாயந்திரம் தேவி வந்தபோது நான் இன்னும் அங்கேதான் இருந்தேன். அழிந்துபோன சீரியலை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தேன், கஸ்தூரி என் தலைக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தாள். தேவி செருப்பைக் கழற்றும்போதே, "பாத்தியா நைனா?" என்றாள்.

"பாத்தேன்" என்றாய். அப்புறம் கேட்டாய், "அந்த அடிப் பக்கத்து வெல்டிங்க எத்தினி நாள் வச்ச?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்ல ஆரம்பித்தாள். மல்லாந்து படுத்து வெல்டிங் வைத்ததை, கழுத்தில் நெருப்புப் பொறி விழுந்ததை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றதை. நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். முகமூடி போடுகிறாயா என்று கேட்டாய், எந்த முகமூடி, எத்தனை நாளைக்கு ஒரு முறை மாற்றுகிறாய் என்று கேட்டாய். அன்றைக்கு மட்டும் இல்லை, அதற்கப்புறம் தினமும் கேட்டாய். உனக்கு மிச்சம் இருந்தது நாற்பது நாள்கூட இல்லை. அத்தனை நாளும் அவள் வேலையிலிருந்து வந்ததும் உங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பேச்சு என்று கஸ்தூரி சொன்னாள்.

உன்னால் நான் இப்போது எப்படி வேலை செய்கிறேன் தெரியுமா? எந்த வீட்டிலும் இடம் இல்லை என்று வந்தால், உடனே கை வைப்பதில்லை. வீட்டில் இருக்கிற எல்லோரையும் டிவி முன்னால் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு ஆப்பாகக் காட்டி, "இது யாருது? எடுக்கட்டுமா?" என்று கேட்கிறேன். இன்றைக்கு எளாவூரிலும் அப்படித்தான். அந்தப் பஞ்சர் கடைக்காரர் கையில் கிரீஸோடு வந்து நின்று, "இந்தச் சின்ன வேலைக்கு இன்னாத்துக்கு ஊட்டு ஆளுங்களயெல்லாம் கூப்புடற?" என்றார். சொல்லிவிட்டுத்தான் எடுப்பேன் என்றேன். இரண்டு கேம் ஆப்பை எடுத்தேன், சமையல் ஆப் இறங்கியது. எல்லாம் என் சொந்த அக்கவுண்டில் பழகிய கை. சின்ன எழுத்தும் இப்போது வந்துவிட்டது. வயிறு எந்தப் பக்கம் என்று உன் கை எனக்குள் இன்னும் காட்டுகிறது.

போன வாரம் தேவி கூப்பிட்டாள். மீஞ்சூரில் வீடு எடுத்திருக்கிறாள், கஸ்தூரியும் அவளோடுதான். புது டிவி, புதுக் குச்சி. அவளே எல்லாம் ஏற்றிக்கொள்வாள், என்னை மரியாதைக்குக் கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியும். இப்போது அவளுக்குக் கீழே ஆறு பேர் வெல்டிங் வைக்கிறார்கள். நான் ஸ்டூலில் ஏறி டிவிக்குப் பின்னால் கையை விட்டுக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு நைனா என்ன நெஜமாவே பார்த்துச்சா?"

"இன்னாமா இப்டிக் கேக்கற? நான்தான் வெரல வச்சிக் காட்டனேன். மூணாவது ஆளு. நீ கையத் தூக்கன, உங்க நைனா அங்கருந்து பதிலுக்குத் தூக்கனான். கண்ணுல தண்ணி."

"இன்னொரு வாட்டி சொல்லு மாமா" என்றாள். இன்னொரு தடவை சொன்னேன், இந்தத் தடவை கண்ணீரைக் கொஞ்சம் கூட்டினேன். அவள் ஸ்டூலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவளிடம் நான் இதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன், எத்தனை தடவை கேட்டாலும்.

ஆனால் உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ அங்கே இருந்தாயே. யாரும் கையைத் தூக்கவில்லை. கேமரா ஒரே வீச்சில் ஓடியது, மஞ்சள் ஹெல்மெட் ஐம்பதோ நூறோ, தேவி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தூக்கினபோது கேமரா வேறு எங்கோ பார்த்திருக்கும். படம் போய்விடுமே என்கிற பயத்தில் விரலுக்கு அகப்பட்ட ஆளைக் காட்டினேன். கஸ்தூரிக்குத் தூரப் பார்வை போதாது, அவள் நம்பினாள். உனக்குக் கண் நன்றாகத் தெரியும். நாற்பதடி உயரத்திலிருந்து கீழே என் விரல் நுனியைப் பார்த்து வேலை செய்தவன் நீ. நான் காட்டிய அந்த மூன்றாவது ஆளுக்கு மீசை இருந்தது. பெரிய மீசை. நீ அதைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி டிவியைப் பார்த்துக் கையைத் தூக்கினாய்.

"நல்லா நிக்கிறாடா" என்றாய்.